வேலூரில் வீட்டை நாள் வாடகைக்கு விட்டு, அறை காலியில்லாமல் பார்த்துக்கொள்வது எப்படி: படிப்படியாக

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கீழ் போர்ஷனை நாள் வாடகைக்கும் வார வாடகைக்கும் விடுகிறேன். மாடியில் நாங்கள் இருக்கிறோம். அதைப் பார்த்துவிட்டு, தெரிந்தவர்கள் நான்கு பேர் தங்கள் வீட்டையும் இப்படி ஆரம்பித்துத் தரச் சொன்னார்கள். நான்கு பேரும் ஏற்கெனவே தாங்களாகவே முயன்று, ஒரே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள்: முதல் நாளே போனில் படம் எடுத்து ஏர்பிஎன்பி மாதிரி ரூம் புக்கிங் ஆப்பில் ஏற்றியது, ஆள் வரவில்லை என்று விலையைக் குறைத்தது, இன்னும் குறைத்தது, அப்புறம் வந்த ஒருவர் தண்ணீர் சரியில்லை என்று இரண்டு ஸ்டார் போட்டது. அதோடு எல்லாம் நின்றுபோனது.

இதில் வரிசைதான் முக்கியம். கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள். படம் எடுப்பது ஐந்தாவதாகத்தான் வருகிறது, விலை ஏழாவதாக வருகிறது. அதற்கு முன்னால் வேலை இருக்கிறது.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், உங்கள் ஆதார், பான், வங்கிக் கணக்கு. வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம், அப்பார்ட்மெண்ட் என்றால் சங்கத்தின் சம்மதம். வாட்ஸப் உள்ள ஒரு தனி நம்பர். இரண்டு மணி நேரத்தில் வந்து வீட்டைப் பெருக்கித் துடைத்து விரிப்பு மாற்றித் தரக்கூடிய ஒரு ஆள். அவர் வராத நாளில் வர இன்னொரு ஆள்.

கடைசியில் சொன்ன இருவர் கிடைக்கும்வரை ஆரம்பிக்க வேண்டாம். மற்றதெல்லாம் காசு கொடுத்தால் ஒரே நாளில் வந்துவிடும்.

1. யாருக்கு வீடு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"யார் வந்தாலும் சரி" என்று ஆரம்பிப்பவர்களுக்கு யாரும் வருவதில்லை. வேலூருக்கு வருகிறவர்கள் மூன்று விதம். மூன்று பேரும் தேடுவது வேறு வேறு.

முதலாவது, சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் குடும்பங்கள். வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். ஒரு நோயாளி, கூட இரண்டு அல்லது மூன்று பேர். மூன்று நாளில் முடியும் என்று நினைத்து வருவார்கள்; டெஸ்ட், ரிப்போர்ட், இன்னொரு டாக்டர் என்று இருபது நாள் ஆகிவிடும். இவர்களுக்கு வேண்டியது தரைத்தளம், சமையலறை, உட்காரும் கழிப்பறை, காலை ஆறு மணிக்குக் கிடைக்கும் ஆட்டோ.

இரண்டாவது, விஐடி பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர். புது மாணவர்கள் வந்து சேரும் சமயம், பட்டமளிப்பு சமயம் என்று கூட்டமாக வருவார்கள், ஓரிரு இரவுதான். ஏசி, நல்ல படுக்கை, கார் நிறுத்த இடம் கேட்பார்கள். சமையலறையை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

மூன்றாவது, ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கும் கோட்டைக்கும் வந்துவிட்டுத் திருவண்ணாமலைக்கோ திருப்பதிக்கோ போகிறவர்கள். ஒரே இரவு, ஒரே வேன், பத்துப் பேர். சனி ஞாயிறில் வருவார்கள். பாய், தலையணை கூடுதலாக வேண்டும், வேன் நிற்க வேண்டும், காலையில் வெந்நீர் போதவேண்டும்.

வீடு இருக்கும் இடமே பாதி முடிவைச் சொல்லிவிடும். தோட்டப்பாளையம், காகிதப்பட்டறை, சத்துவாச்சாரி என்றால் மருத்துவமனைக் குடும்பங்கள். காட்பாடி காந்தி நகர், பிரம்மபுரம் பக்கம் என்றால் விஐடி பெற்றோர். அரியூர், திருமலைக்கோடி பக்கம் என்றால் கோயிலுக்கு வருபவர்கள். பாகாயத்தில் வீடு இருந்தால் சிஎம்சியின் மனநலப் பிரிவும் ரீஹாப் (மறுவாழ்வு) பிரிவும் அங்கே இருப்பதை மறக்காதீர்கள். அங்கு வருபவர்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள். ஏலகிரியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி பாதிதான் பொருந்தும். மலைக்கு வருகிறவர்களின் கணக்கே வேறு.

ஒரு வகையை முதன்மையாக எடுத்துக்கொள்ளுங்கள், இன்னொன்றை இடைவெளி நிரப்ப வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முதன்மை மருத்துவமனைக் குடும்பங்கள். அதனால் இதற்குமேல் சொல்லும் உதாரணங்களில் பாதிக்கு மேல் அவர்களைப் பற்றித்தான் இருக்கும்.

2. காகித வேலையை முடித்துவிடுங்கள்

இதைப் பின்னால் தள்ளினால், முதல் புக்கிங் வந்த இரவில்தான் ஞாபகம் வரும்.

வெளிநாட்டவர் ஒருவர் தங்கினால், அவர் வந்த 24 மணி நேரத்துக்குள், தங்கவைக்கும் நீங்கள் இணையத்தில் தகவல் பதிய வேண்டும். "சி ஃபாரம்" என்று லாட்ஜ்காரர்கள் சொல்வது இதைத்தான். இதற்கு முன்கூட்டியே உங்கள் வீட்டின் பெயரில் லாகின் வாங்க வேண்டும், அதற்கு ஒப்புதல் வர வேண்டும். மாவட்டத்தில் இது எஸ்.பி. அலுவலகம் வழியாக நடக்கிறது. பங்களாதேஷிலிருந்து மருத்துவ விசாவில் வருகிறவர்கள் வேலூரில் சாதாரணம் என்பதால், லாகின் கைக்கு வரும்வரை வெளிநாட்டுப் புக்கிங்கை ஏற்காதீர்கள்.

உள்நாட்டவர் என்றாலும் பெரியவர்கள் ஒவ்வொருவருடைய அடையாள அட்டையின் நகலையும் வாங்கி, ஒரு பதிவேட்டில் வந்த நாள், போன நாள், போன் நம்பர் எழுதுங்கள். புக் செய்தவருடையது மட்டும் போதாது. பெரும்பாலும் மகன் புக் செய்வார், வந்து தங்குவது அப்பாவும் அம்மாவும்.

கரண்ட் இணைப்பு எந்தக் கட்டண வகையில் இருக்க வேண்டும் என்று உங்கள் பகுதி மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மாநகராட்சியிலும் சுற்றுலாத் துறையிலும் என்ன பதிவு வேண்டும் என்பதை நேரில் போய்க் கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்வதும் இந்தப் படியில்தான் வருகிறது. புகார் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

3. இரண்டு இரவு நீங்களே அந்த வீட்டில் படுத்துப் பாருங்கள்

நான் உதவிய நான்கு பேரில் ஒருவர்கூட இதைச் செய்திருக்கவில்லை. மாடியில் இருக்கிறோமே, தெரியாதா என்பார்கள். தெரியாது.

பையில் துணி எடுத்துக்கொண்டு, விருந்தினர் மாதிரியே கதவைத் திறந்து உள்ளே போங்கள். குளியுங்கள். ஒருவேளை சமையுங்கள். இரவு பத்து மணிக்கு போனை சார்ஜில் போடுங்கள். கட்டில் பக்கத்தில் பிளக் இருக்கிறதா? நான் படுத்த முதல் இரவில், குளியலறை விளக்கின் ஸ்விட்ச் வெளியே கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தேன். கட்டிப் பன்னிரண்டு வருஷம் ஆன வீடு. எங்களுக்குக் கை தானாகப் போய்விடும், வருகிறவர் இருட்டில் தடவ வேண்டும்.

இந்த ஊரில் தனியாகக் கவனிக்க வேண்டியவை சில:

தண்ணீர். போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளையாகப் படியும். மாதம் ஒருமுறை ஷவரையும் குழாய் வலையையும் கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். வெள்ளைப் படிவத்தை அழுக்கு என்றுதான் வெளியூர்க்காரர் நினைப்பார். குடிக்கக் கேன் தண்ணீர் இலவசமாக வையுங்கள்; ஒரு கேனின் விலையை மிச்சம் பிடித்து ஒரு ஸ்டாரை இழக்க வேண்டாம்.

வெயில். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் ஏசி இருந்தாலும் மதியம் சூடு இறங்காது. மாடியில் வெயிலைத் திருப்பியடிக்கும் பெயிண்ட் அடித்து, மேற்கு ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். இன்வெர்ட்டர் கட்டாயம். விசிறி, விளக்கு, வைஃபை மூன்றும் அதில் ஓட வேண்டும். வைஃபை பெட்டியை இன்வெர்ட்டர் லைனில் கொடுக்க மறப்பவர்கள் நிறையப் பேர்.

கழிப்பறை. உட்காரும் வகை, பக்கத்தில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை மிதி. வாசலில் எத்தனை படி என்று எண்ணுங்கள். அந்த எண் பின்னால் விவரத்தில் எழுத வேண்டி வரும். இரண்டே படிதான் என்றால் பலகை வைத்துச் சக்கர நாற்காலி ஏறும்படி செய்துவிடலாம். எங்கள் வாசலில் கொத்தனார் அரை நாளில் சிமெண்டில் சரிவு கட்டிக் கொடுத்தார். வீட்டுக்குச் செய்த செலவிலேயே அதிகம் திருப்பித் தந்தது அதுதான்.

சமையலறை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலூரில் லாட்ஜுக்கும் உங்கள் வீட்டுக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் வங்காளச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. ஆனால் இருபது நாள் கடைச் சாப்பாடு யாருக்கும் ஒத்துக்கொள்ளாது. நோயாளிக்குக் கஞ்சியோ உப்பில்லாத குழம்போ வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பு, அதில் உட்காரும் குக்கர், வாணலி, ஒரு பெரிய சோற்றுப் பாத்திரம், கத்தி, பலகை. சிலிண்டரைவிட இண்டக்‌ஷன் நிம்மதி: யாரும் வாயுவைத் திறந்துவிட்டுப் போக மாட்டார்கள்.

வங்காளக் குடும்பம் என்றால் மீன் உண்டு, கடுகெண்ணெய் உண்டு. அந்த எண்ணெய் காயும் வாசனை பழகாதவர்களுக்கு மாடி வரை ஏறும். முதல் மாதம் என் அம்மா முகத்தைச் சுளித்தார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்ட பிறகு பரவாயில்லை. இப்போது மீன்காரர் வந்தால் கீழே குரல் கொடுத்துச் சொல்வதே அவர்கள்தான். நீங்கள் சைவம், மீன் கூடாது என்றால் அதுவும் தப்பில்லை. ஆனால் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். வந்து இறங்கிய பிறகு சொன்னால் அது சண்டை. இன்னொன்று: கைப்பிடித் துணி நிறைய வையுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வெள்ளைக் குளியல் துண்டு மஞ்சளும் கடுகெண்ணெயும் ஏறிப்போய்த் திரும்பும், அந்தக் கறை போகாது.

விரிப்பு ஒரு கட்டிலுக்கு மூன்று செட். ஒன்று கட்டிலில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். மெத்தைக்குத் தண்ணீர் இறங்காத உறை. மூடியுள்ள குப்பைத் தொட்டி தனியாக ஒன்று. ஊசி, கட்டுத்துணி போன்றவற்றைச் சாதாரணக் குப்பையில் போட வேண்டாம் என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். உங்கள் வீட்டைப் பெருக்கும் அம்மாவின் கை அதில் படக்கூடாது.

4. கூகுள் மேப்பில் புள்ளியைச் சரி செய்யுங்கள்

சின்ன வேலை. ஆனால் படம் எடுப்பதற்கு முன்பே முடிக்க வேண்டியது.

சத்துவாச்சாரியில் பேஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று இருக்கிறது, பழைய கதவு எண், புது எண் என்று இருக்கிறது. என் முதல் விருந்தினருக்கு மேப் காட்டியது பின் தெரு. விடியற்காலை நாலரைக்குக் காட்பாடியில் இறங்கி ஆட்டோவில் வந்தவர்கள், பெரிய கோணிப் பையும் ஸ்கேன் ரிப்போர்ட் கவர்களுமாக, பின் வீட்டுக் கேட்டைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த வீட்டு நாய் தெருவையே எழுப்பிவிட்டது.

ஆப்பில் முகவரி தட்டினால் அது உத்தேசமாக ஒரு இடத்தைக் குறிக்கும். அதை நம்பாமல், உங்கள் கேட்டுக்கு முன்னால் நின்று போனில் புள்ளியை இழுத்து வையுங்கள். அப்புறம் காட்பாடி ஸ்டேஷனிலிருந்து ஒரு ஆட்டோக்காரரை மேப் பார்த்து வரச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அதுதான் உங்கள் முகவரி.

கூகுளில் இலவசமாக ஒரு தொழில் பக்கமும் திறந்துகொள்ளுங்கள். மருத்துவமனைக்கு வருகிறவர்களின் உறவினர்கள் ஆப்புக்குப் போவதற்கு முன்பே மேப்பில் "ரூம்" என்று தேடுகிறார்கள்.

5. படம்

வெயில் உள்ளே வரும் நேரத்தில், காலை ஒன்பது பத்து மணிக்கு எடுங்கள். எல்லா விளக்கும் எரியட்டும், திரை திறந்திருக்கட்டும். போனைப் படுக்கவைத்து, நெஞ்சு உயரத்தில், அறையின் மூலையில் நின்று எடுங்கள். போன் கேமராவே போதும்.

முதல் படம் எது என்பதுதான் கேள்வி. எல்லோரும் வீட்டின் முகப்பை வைக்கிறார்கள். விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர் கண்ணில் நிற்பது முகப்பு அல்ல, வெளிச்சமான அறையும் சுத்தமான கட்டிலும். முகப்பு கடைசியில் வரட்டும், வீட்டைக் கண்டுபிடிக்க உதவும்.

மருத்துவமனைக் குடும்பங்களுக்கு என்றால் கட்டில், சமையலறை, கழிப்பறை, வாசல் சரிவு, தெரு என்று இந்த வரிசையில் வையுங்கள். கழிப்பறைப் படம் போட வெட்கப்படுபவர்கள் உண்டு. வயதான அம்மாவை அழைத்து வருகிற மகன் முதலில் தேடுவது அந்தப் படத்தைத்தான். அது இல்லை என்றால் ஏதோ சரியில்லை என்று நினைத்து அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். வீடு முதல் மாடி என்றால் படிக்கட்டையும் போடுங்கள். மறைத்து வாங்கும் புக்கிங் அன்று மாலையே ரத்தாகும், கூடவே கெட்ட பெயரும் வரும்.

இங்கே தவறுவது: அகலமாகக் காட்டும் லென்ஸால் பத்தடி அறையை ஹால் மாதிரி எடுப்பது. உள்ளே வந்ததும் முகம் விழும். அந்த முகத்தோடுதான் அவர் பிறகு ஸ்டார் போடுவார்.

6. தலைப்பும் விவரமும்

"அமைதியான சூழலில் அழகிய இல்லம்" என்று தலைப்பு வைத்தால் அது எந்த ஊர் வீடாகவும் இருக்கலாம். போனில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும், மீதி வெட்டுப்படும். அதனால் பயனுள்ளதை முன்னால் வையுங்கள்: "தரைத்தளம், சமையலறை, 2 பெட்ரூம், சிஎம்சிக்கு இத்தனை கிலோமீட்டர்." உங்கள் விருந்தினர் படிக்கும் மொழியில், அதாவது ஆங்கிலத்தில், இதையே எழுதுங்கள். விவரத்தைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினால், ஆப் தானாக இந்தியிலோ வங்காளத்திலோ மொழிபெயர்க்கும்போது அர்த்தம் சிதையாது.

சிஎம்சியின் எந்த வளாகத்துக்கு எவ்வளவு தூரம் என்று பிரித்து எழுதுங்கள். ஐடா ஸ்கடர் ரோட்டில் இருப்பது பழைய ஆஸ்பத்திரி. சென்னை நெடுஞ்சாலையில் ரத்தினகிரி பக்கம், 2022 முதல் ராணிப்பேட்டை வளாகம் இயங்குகிறது. பல துறைகள் அங்கே போய்விட்டன. வெளியூர்க்காரர் இது தெரியாமல் ஊருக்குள் ரூம் எடுத்துவிட்டுத் தினமும் அலைவார். "உங்கள் அப்பாயின்மெண்ட் சீட்டில் எந்த வளாகம் என்று பார்த்துவிட்டுப் புக் செய்யுங்கள்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். அந்த வரியால் சில புக்கிங் போயிருக்கும். அதைப் படித்துவிட்டு நம்பி வந்தவர்கள் அதைவிட அதிகம்.

ஆஸ்பத்திரியின் பெயரைத் தூரம் சொல்ல மட்டும் பயன்படுத்துங்கள். அதன் சின்னத்தைப் படத்தில் வைப்பதோ, அவர்களுடைய விடுதி என்று தோன்றும்படி எழுதுவதோ வேண்டாம்.

குறைகளையும் எழுதுங்கள். பக்கத்தில் பள்ளிவாசலோ கோயில் மைக்கோ கல்யாண மண்டபமோ இருந்தால் சொல்லுங்கள். தெரிந்து வந்தவர் குறை சொல்வதில்லை.

7. விலை: இரவுக் கணக்கு வேறு, வாரக் கணக்கு வேறு

புதியவர்கள் பக்கத்து லாட்ஜ் போர்டைப் பார்த்து அதைவிட நூறு ரூபாய் குறைத்து வைக்கிறார்கள். உங்கள் செலவைத் தெரிந்துகொண்டு கணக்குப் போடுங்கள்.

ஒரு கணக்குக்கு: ஒரு குடும்பம் போய் இன்னொன்று வருவதற்கு இடையில் துவைப்பு, பெருக்கும் கூலி, சோப்பு, கேன் எல்லாம் சேர்ந்து 600 ரூபாய் என்று வைப்போம். ஆப் கமிஷன் 15 சதவீதம். ஒரு இரவு 1,500 ரூபாய்க்கு விட்டால், கமிஷன் போக 1,275, செலவு போக 675 கையில் நிற்கும். அதே வீட்டைப் பத்து இரவுக்கு, இரவு 1,100 என்று விட்டால் 11,000. கமிஷன் போக 9,350. ஒரே ஒரு முறை சுத்தம் என்பதால் 600 போக 8,750. இரவுக்கு 875. விலையைக் குறைத்தும் கையில் கூடுதலாக நிற்கிறது, நடுவில் காலி நாளும் இல்லை.

ஆகவே இரவு விலையைக் குறைக்காமல், வாரத் தள்ளுபடியையும் மாதத் தள்ளுபடியையும் தாராளமாக வையுங்கள். கரண்ட் செலவைத் தனியாகக் கேட்காமல் விலையிலேயே சேர்த்துவிடுங்கள். வந்தபின் மீட்டரைக் காட்டிக் காசு கேட்பது கசப்பைத்தான் தரும். ஆப்பில் சொல்லாத கட்டணத்தை வாங்குவது விதிக்கும் புறம்பு.

விஐடியில் மாணவர் சேரும் நாட்களிலும் பட்டமளிப்பு நாட்களிலும் விலையை ஏற்றலாம். தேதி தெரிந்தவுடன் ஏற்றுங்கள், அறை தீர்ந்த பிறகு ஏற்றிப் பயனில்லை. கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் இடம் கிடைக்காமல் இங்கு வரை தேடுகிறவர்களும் உண்டு. துர்கா பூஜை சமயத்தில் என் வீடு காலியாகிவிடும். வங்காளிகள் முடிந்தவரை அதற்கு முன் ஊர் போய்ச் சேரப் பார்ப்பார்கள். அந்த வாரத்தைத்தான் நான் பெயிண்ட் அடிக்கவும் குழாய் மாற்றவும் வைத்துக்கொள்கிறேன்.

ரத்து விதி தளர்வாக இருக்கட்டும். அப்பாயின்மெண்ட் தேதி மாறுவது அவர்கள் கையில் இல்லை. கடுமையான ரத்து விதியைப் பார்த்தால் அவர்கள் புக்கே செய்ய மாட்டார்கள், நேரில் வந்து லாட்ஜ் தேடுவார்கள்.

8. திறப்பது: முதலில் ஒரே ஆப், முதல் சில விருந்தினர்

ஏர்பிஎன்பி, புக்கிங் டாட் காம், அகோடா, மேக் மை ட்ரிப் என்று எல்லாவற்றிலும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். ஒன்றில் ஆரம்பித்து, பத்துப் பேர் வந்துபோன பிறகு அடுத்ததைச் சேருங்கள். காரணம் அனுபவத்தில் கண்டது: இரண்டு ஆப்பில் ஒரே வாரத்தை இரண்டு குடும்பத்துக்கு விற்றுவிட்டேன். காலண்டர்களை இணைக்கலாம்தான், ஆனால் ஒன்றில் நிரம்பியது இன்னொன்றுக்குப் போய்ச்சேரச் சில மணி நேரம் ஆகலாம். அந்தச் சில மணி நேரத்தில்தான் என் கதை நடந்தது. ஒரு குடும்பத்தை நண்பர் வீட்டில் தங்கவைத்து, வித்தியாசத்தை நான் கட்டினேன்.

ஏர்பிஎன்பியில் புது வீட்டுக்கு முதல் 3 புக்கிங்குக்கு 20 சதவீதத் தள்ளுபடி கொடுக்கும் வசதி இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளுங்கள். ரிவ்யூ இல்லாத வீட்டை நம்பி வருகிறவருக்கு அது நியாயமான கூலி.

சொந்தக்காரர்களைப் புக் செய்யவைத்து ஐந்து ஸ்டார் வாங்கும் யோசனையை எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். பிடிபட்டால் கணக்கே போகும். அதோடு, உண்மையான குறை எது என்று அந்த ஸ்டார்களிலிருந்து உங்களுக்கும் தெரியாது.

9. கேள்விக்குப் பதில்

கேட்கிறவர் ஒரே நேரத்தில் ஐந்து வீட்டுக்குக் கேட்பார். முதலில் தெளிவாகப் பதில் சொன்னவர் வீட்டுக்குத்தான் போவார். அரை மணி நேரத்துக்குள் பதில் போக வேண்டும். ஏர்பிஎன்பியில் சூப்பர்ஹோஸ்ட் (நல்ல வீட்டுக்காரர் என்று அவர்கள் தரும் பட்டம்) ஆக, 24 மணி நேரத்துக்குள் பதில் சொன்ன விகிதம் 90 சதவீதம் இருக்க வேண்டும், சராசரி ஸ்டார் 4.8 இருக்க வேண்டும். ஆனால் வேலூரில் 24 மணி நேரம் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் பத்துதான். சமைக்கலாமா, எத்தனை படி, லிஃப்ட் உண்டா, ஆட்டோ எவ்வளவு, விடியற்காலை வரலாமா, நாள் நீட்டிக்கலாமா... பதில்களை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும்போது ஒரு வரியை மட்டும் அவருக்காகச் சேருங்கள்: "அம்மாவுக்கு முழங்கால் வலி என்றீர்கள், வாசலில் சரிவு இருக்கிறது." அந்த ஒரு வரிக்காகத்தான் அவர் உங்களிடம் வருகிறார்.

என்ன நோய் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். என்ன வசதி வேண்டும் என்று கேளுங்கள், போதும்.

10. வந்து இறங்கும் இரவு

வடக்கிலிருந்து வரும் ரயில்கள் பல, காட்பாடியை நடுராத்திரியிலோ விடியலிலோதான் தொடும். மதியம் 12 மணிக்குச் செக் இன் என்று நீங்கள் விதி வைத்தால், இரண்டு நாள் ரயிலில் வந்த நோயாளி பிளாட்பாரத்தில் ஏழெட்டு மணி நேரம் உட்கார வேண்டும். முந்தின இரவு அறை காலியாக இருந்தால் எந்த நேரமும் வரச்சொல்லுங்கள். காலியில்லை என்றால் பை வைக்கவும் முகம் கழுவவும் ஒரு இடம் கொடுங்கள்.

முந்தின நாள் மாலை வாட்ஸப்பில் நான்கே விஷயம் அனுப்புங்கள்: மேப் புள்ளி, கேட்டின் படம், நம்பகமான ஆட்டோக்காரரின் நம்பரும் அவர் வாங்கும் தொகையும், கதவைத் திறக்கும் முறை. ஆட்டோத் தொகையை முன்கூட்டியே சொல்வது பெரிய விஷயம். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் ஆறேழு கிலோமீட்டர்தான். பேரம் பேசத் தெரியாத மொழியில் அந்தத் தூரம் மிகவும் நீளம்.

நம்பர் பூட்டு போட்ட சாவிப் பெட்டி வைக்கலாம். ஆனாலும் முதல் பத்துப் பேருக்கு எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிடுங்கள். கீசர் ஸ்விட்ச், ஸ்டவ், ஆர்.ஓ. குழாய் என்று இரண்டு நிமிடம் காட்டிவிட்டு மேலே வந்துவிடுங்கள். நின்று பேசாதீர்கள், அவர்களுக்குத் தூக்கம் வேண்டும்.

11. ரிவ்யூ

வேலூரில் "ரிவ்யூ" என்றால் முதலில் ஆஸ்பத்திரிக்கு மறுபடி காட்ட வருவதுதான். "ஆறு மாசம் கழிச்சு ரிவ்யூ" என்பார்கள். விருந்தினரிடம் "ரிவ்யூ போடுங்க" என்றால் தேதி சொல்கிறார்! ஆகவே "ஆப்பில் ஸ்டார் போட்டு இரண்டு வரி எழுதுங்கள்" என்று விளக்கமாகக் கேளுங்கள்.

இரண்டாம் நாள் காலை "ஏதாவது குறை இருக்கா?" என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். உங்களிடம் சொல்ல வழி இருந்தால் அவர் அதை ஊருக்குச் சொல்ல மாட்டார். கிளம்பும் நாளில் அல்ல, ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் ஸ்டார் கேளுங்கள். கிளம்பும் நாளில் டிஸ்சார்ஜ் பில்லும் ரயிலும்தான் மனத்தில் இருக்கும். ஏர்பிஎன்பியில் 14 நாள் அவகாசம் உண்டு. நோயாளியைப் பற்றிய செய்தி நல்லதாக இல்லை என்று தெரிந்தால் கேட்காமல் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டிலிருந்து போன சிலரிடம் நான் கேட்கவில்லை.

கெட்ட ரிவ்யூ வந்தால் அன்றே பதில் எழுதாதீர்கள். மறுநாள் மூன்று வரி: என்ன குறை, என்ன சரிசெய்தோம், எப்போது. அந்தப் பதிலைப் படிக்கப்போவது அடுத்து வருகிறவர்.

12. திரும்ப வருகிறவர்களும் மாதாந்திரப் பார்வையும்

மூன்று மாதம், ஆறு மாதம் என்று திரும்ப வருவது இந்த ஊர் விருந்தினரின் இயல்பு. ஆப் வழியாக வந்தவரை அந்தப் புக்கிங்கிலேயே "நேரில் கொடுங்கள்" என்று மாற்றுவது விதிமீறல், செய்யாதீர்கள். முடிந்துபோன பிறகு அவர்களே அடுத்த முறை உங்கள் நம்பருக்கு அழைப்பார்கள், ஊரில் இன்னொருவருக்கும் கொடுப்பார்கள். என் போனில் "மால்டா ஆன்ட்டி" என்று சேமித்த, மேற்கு வங்கத்து மால்டா ஊர்க்காரர் ஒருவர் வழியாக மட்டும் நான்கு குடும்பங்கள் வந்திருக்கின்றன.

நீட்டிப்பு கேட்பவர்களுக்காக, ஒரு புக்கிங்குக்கும் அடுத்ததற்கும் இடையில் ஓரிரு நாளை அடைத்து வைக்கிறேன். நீட்டிப்பு வரவில்லை என்று தெரிந்ததும் திறந்துவிடுவேன். அந்த இடைவெளியில்தான் விஐடி பெற்றோரும் ஸ்ரீபுரம் போகிறவர்களும் வந்து நிரம்புகிறார்கள்.

மாதக் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் ஒதுக்கி, எத்தனை பேர் பக்கத்தைப் பார்த்தார்கள், எத்தனை பேர் புக் செய்தார்கள் என்று ஆப்பில் பாருங்கள். பார்ப்பவர்களே குறைவு என்றால் தலைப்பையும் முதல் படத்தையும் மாற்றுங்கள். பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றால் விலையையும் ரத்து விதியையும் பாருங்கள். கேள்வி கேட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள் என்றால் உங்கள் பதில்களை எடுத்துப் படியுங்கள். ஒரே மாதத்தில் மூன்றையும் மாற்றினால் எதனால் நடந்தது என்று தெரியாமல் போகும். அப்புறம் போனைக் கீழே வைத்துவிட்டு ஷவரைக் கழற்றுங்கள், வினிகரில் போட வேண்டிய நாள் அதுதான்.